வோட்டர் பட்டியலும் நமது வாலிபரும்



செண்டாயானில் நமது சங்கம் நடத்தும் வாலிபர் வகுப்பில் இம்முறை எடுத்துக்கொண்ட பாடம் வோட்டுரிமை. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கடைகளில் வேலை செய்வோர் சிலர், தொழிற்கல்லூரியில் படிப்போர் சிலர், செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர். பாடத்தைத் துவக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "உங்களில் யார் யாருக்கு வோட்டு இருக்கிறது?" என்றோம். பாதிப்பேர்தான் கை தூக்கினார்கள். மற்றவர்களைக் கேட்டபோது, "நாங்கள் எங்கும் போய்ப் பதியவில்லையே!" என்றார்கள்.

நாம் திடுக்கிட்டோம். ஏனெனில் அவ்வறையில் நீல ஐ.சி. வைத்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் வோட்டு இருக்கிறது. அவர்கள் பதிய வேண்டிய அவசியமே இல்லை; சர்க்காரே பதிந்து வைத்திருக்கிறது. கையில் உள்ள சொத்து கையில் இருப்பதே தெரியாமல் ஒருவன் ஏழையாகத் திரிந்தால் நாம் அவனை என்ன சொல்லுவோம்? ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வியாபாரத்தைச் சொல்லிக் கொடுத்தோம், கணக்கெழுதச் சொல்லிக் கொடுத்தோம், இதை யார் சொல்லிக் கொடுத்தோம்? ஆகவே அன்று பேசியவற்றைக் கடைக்காரச் சகோதரர்கள் யாவருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் நமது சொந்தக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நமக்கு 21 வயதான காலத்தில் வோட்டுரிமை தானாக வராது. தபாலாபீஸிலோ தேர்தல் கமிஷனிலோ போய்ப் பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கடையை விட்டுப் போக நேரமில்லை என்று நாள் கடத்தினோம். 2004-ம் வருஷம் மார்ச் மாதம் பொதுத் தேர்தல் வந்தபோது ஊரெல்லாம் வோட்டுப் போடப் போயிற்று. நாம் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். 2008-ம் வருஷம் மார்ச் 8-ந் தேதிதான் நாம் முதன்முதலாக வோட்டுச் சீட்டைக் கையில் வாங்கினோம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டும் கண்ட நமக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் கை நடுங்கியதையும் மறைக்கவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லாமற் போனது எப்படி என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

நமது நாட்டு அரசியல் சாசனத்தின் 119-வது விதி வோட்டுரிமையைப் பற்றியது. அதில் நெடுங்காலமாக 21 வயது என்றிருந்தது. அதை 18 ஆக்க வேண்டுமென்று கிளம்பியவர்கள் பெரிய தலைவர்கள் அல்லர்; மாணவர்கள். 2016-ம் வருஷம் 'உண்டி 18' என்ற பெயரில் அவ்வியக்கத்தைத் துவக்கியவர்களில் தர்மா பிள்ளை என்ற தமிழ் வாலிபரும் கைரா யுஸ்ரி என்ற மலாய்ப் பெண்ணும் முக்கியமானவர்கள். 2019-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி பாராளுமன்ற மக்கள் சபையில் அந்தத் திருத்தம் வந்தது. 211 அங்கத்தினர்கள் ஆதரித்து வோட்டளித்தார்கள், எதிர்த்தவர் ஒருவருமில்லை. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் எலியும் பூனையுமாக இருந்த சபையில் இப்படி ஒரு காரியம் நடந்ததே பெரிய சங்கதி. வயது 18; பதிவு தானாக நடக்கும்; மக்கள் சபைக்கு 18 வயதிலேயே அபேட்சகராகவும் நிற்கலாம். இம்மூன்றும் அந்தத் திருத்தத்தில் அடக்கம்.

சட்டம் நிறைவேறினாலும் அமலுக்கு வரவில்லை. 2021-ம் வருஷம் மார்ச் மாதத்தில், இன்னும் ஒன்றரை வருஷம் ஆகுமென்று தேர்தல் கமிஷன் சொல்லிற்று. பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கோலாலம்பூரில் வழக்குத் தொடுத்தார்கள். சரவாக்கில் ஐந்து வாலிபர்கள் கூச்சிங் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவ்வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி கூச்சிங் நீதிமன்றம், டிசம்பர் 31-க்குள் 18 வயது உரிமையை அமல் செய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தது. டிசம்பர் 15-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆக, 18 வயதுப் பிள்ளையின் வோட்டு யாரும் தட்டில் வைத்து நீட்டியதன்று. அவன் வயதுப் பிள்ளைகளே கோர்ட்டுப் படியேறி வாங்கிக் கொடுத்தது.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் 1955-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி நடந்தது. 52 ஸ்தானங்களில் 51-ஐக் கூட்டணிக் கட்சி பிடித்தது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் வோட்டர் பட்டியலில் யார் இருந்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏறக்குறைய 12 இலட்சத்து 80 ஆயிரம் வோட்டர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கித்தாத் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் கடைத்தெருவிலும் நம்மவர்கள் நிரம்பிக் கிடந்த காலம் அது. ஆனால் பிரஜா உரிமை இல்லாதவனுக்கு வோட்டு ஏது? 1948-ம் வருஷத்துச் சட்டப்படி பிரஜையாவது எளிதாக இருக்கவில்லை. நம்மவர்களும் கடை இங்கே, மனசு ஊரிலே என்று இருந்துவிட்டார்கள். சுதந்திரம் வந்த 1957-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பிரஜா உரிமை என்ற விதி வந்து, வாசல் அகலமாயிற்று.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்கள். 1947-ம் வருஷத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தமிழர்கள் வோட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது; 1949-ல் வோட்டும் போயிற்று. தேயிலை பறித்த கை அதே கைதான், சீட்டு மட்டும் அதில் இல்லை. அவர்களுடைய உரிமை முழுதும் திரும்பி வருவதற்குப் பல பத்து வருஷங்கள் ஆயின. வோட்டில்லாத ஜனத்தின் குறையைக் கேட்க எந்த அபேட்சகனும் லயத்துப் பக்கம் வரமாட்டான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சரி, இப்போது 18 வயதுப் பிள்ளையின் பெயர் பட்டியலில் தானாக ஏறிவிடுகிறதே, அதோடு வேலை முடிந்ததா? வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரேட்டில் பெயர் இருப்பது வேறு, கல்லாவில் பணம் விழுவது வேறு. 2018-ம் வருஷத் தேர்தலில் ஒரு கோடியே 49 இலட்சம் வோட்டர்கள். 2022-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி நடந்த 15-வது பொதுத் தேர்தலில் இரண்டு கோடியே 11 இலட்சம். அவர்களில் 18 முதல் 20 வயது வரையுள்ள பிள்ளைகள் மட்டும் சுமார் 14 இலட்சம். பட்டியல் இப்படிப் பெருத்தது. ஆனால் 2018-ல் நூற்றுக்கு 82 பேர் வந்து வோட்டுப் போட்டார்கள். 2022-ல் நூற்றுக்கு 74 பேர்தான் வந்தார்கள். மிச்சப்பேர் எங்கே போனார்கள்?

அவர்களில் ஒருவன் எங்கே போனான் என்பது நமக்குத் தெரியும். நமது கடையில் நின்றான்.

19 வயதுப் பையன். ஐ.சி.யில் உள்ள விலாசம் பஹாவ் பக்கம். அன்று சனிக்கிழமை. காலையிலேயே வந்து, "முதலாளி, நான் போய் வோட்டுப் போட்டுவிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். விடுமுறை நாள், கடையில் கூட்டம் தாங்கவில்லை. "லுஹருக்குப் பிறகு போகலாம் தம்பி" என்றோம். லுஹர் போயிற்று, சரக்கு லாரி வந்தது. அஸரும் போயிற்று. நாலரை மணிக்கு மேல்தான் விட்டோம். அவன் மோட்டார் சைக்கிளில் சிரம்பான் கடந்து, புக்கிட் புத்துஸ் ஏறி, கோலப்பிலா வழியாகப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. பள்ளிக்கூட வாசலைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் வேலைக்கு வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையை மேசைமேல் வைத்துச் சில்லறை எண்ணினான். ஆட்காட்டி விரலில் மை இல்லை.

அந்தத் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்பதும், பிரதம மந்திரி யார் என்று தெரிய ஐந்து நாட்களாயின என்பதும் யாவரும் அறிந்ததே. அந்த ஐந்து நாளும் கடைக்கு வந்தவர்களெல்லாம் அதையே பேசினார்கள். அவன் மட்டும் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது, நாம் செய்தது நியாயக் குறைவு மட்டுமன்று, சட்டக் குறைவும் ஆகும் என்பது. 1954-ம் வருஷத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25-வது பிரிவு முதலாளிகளுக்கென்றே எழுதப்பட்டது. வோட்டுள்ள தொழிலாளி எவரானாலும், வோட்டுப் போடுவதற்குப் போதுமான நேரம் முதலாளி விட்டே ஆகவேண்டும். அதற்காகச் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. வேறு தண்டனையும் கூடாது. மீறினால் 5,000 வெள்ளி அபராதம் அல்லது ஒரு வருஷச் சிறை. 'போதுமான நேரம்' என்பது பக்கத்துத் தெருவில் வோட்டுள்ளவனுக்கு ஒரு மணி நேரமாக இருக்கலாம். பஹாவுக்கோ ஈப்போவுக்கோ போக வேண்டியவனுக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போதும்? அளவு கோலில் குறைப்பது ஹராம் என்று அறிந்த நாம், பையனுடைய நேரத்தை அளக்கும்போது அதை மறந்தோம். நமது வணிகச் சகோதரர்கள் தத்தம் கடை மேசையில் இந்தப் பிரிவை எழுதி ஒட்டிக்கொண்டால் நல்லது.

இனி வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

"என் வோட்டு எந்த ஊரில்?" என்று பலர் கேட்டார்கள். பதிவு தானாக நடக்கும்போது ஐ.சி.யில் உள்ள விலாசம் எதுவோ அந்தத் தொகுதியில்தான் பெயர் விழும். நமது வட்டாரத்தில் இது பெரிய வில்லங்கம். கித்தா மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களில் பண்டார் ஸ்ரீ செண்டாயானும் தொழிற்பேட்டையும் விமானப்படைத் தளமும் வந்தன. தோட்டத்து லயங்களிலிருந்த குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. ஆனால் ஐ.சி.யில் இன்னும் பழைய தோட்டத்து டிவிஷன் பெயர் இருக்கிறது. குடி மாறியவர்கள் பதிவிலாகாவில் விலாசத்தை மாற்ற வேண்டும். அதோடு நில்லாமல், தேர்தல் கமிஷனிடமும் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, பெயர் புது இடத்தில் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பலிக்காது. பார்ப்பது சுலபம், தேர்தல் கமிஷனுடைய 'மை எஸ்.பி.ஆர். செமாக்' என்ற செயலியில் ஐ.சி. எண்ணைத் தட்டினால் தொகுதி தெரிந்துவிடும். அன்று வகுப்பிலேயே ஒவ்வொருவரும் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு வோட்டு பாட்டி வீட்டு ஊரில் இருப்பது தெரிந்து ஒரே சிரிப்பு.

ஒரு பையன் மட்டும் எண்ணைத் தட்டவில்லை. அவனிடம் இருப்பது சிவப்பு ஐ.சி. அவன் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்தவன்; பெற்றோர் திருமணத்தைப் பதியாததாலும் காகிதம் சரியாக இல்லாததாலும் நிரந்தரவாசி என்ற அளவில் நிற்கிறான். தோட்டப்புறங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவனுக்கு வோட்டு இல்லை. பிரஜா உரிமை வந்தால்தான் வரும். இது வகுப்பில் பேசித் தீரும் காரியமன்று. பிறப்புப் பத்திரம், தாயாரின் காகிதங்கள், பள்ளிக்கூடச் சான்றுகள் இவற்றைச் சேர்த்துக்கொண்டு பதிவிலாகாவுக்குத் தளராமல் நடக்க வேண்டும். அவனுடன் போவதற்கு நமது சங்கத்தில் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கலியாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் காலத்தில் பதியாமல் விடும் பெற்றோர்கள் இதைக் கவனிப்பார்களாக. அவர்கள் சோம்பலின் கடனைப் பிள்ளை அடைக்கிறான்.

ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்திருக்கும் நமது கடைத் தம்பிகளுக்கு இங்கே வோட்டு இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் உள்ள விலாசத்துத் தொகுதியில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள 2010-ம் வருஷத்துத் திருத்தம் அவர்களுக்கு வழி செய்திருக்கிறது. ஆனால் ஊருக்குப் போய் நேரில்தான் வோட்டுப் போட வேண்டும். (அங்கே 18 வயது உரிமை 1989-லேயே வந்துவிட்டது, நாம் முப்பது வருஷம் பின்னால்தான் வந்தோம்.)

"உள்ளே போனால் என்ன நடக்கும்?" என்பது அடுத்த கேள்வி. கேட்டவன் வெட்கத்தோடு கேட்டான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தெரியாத வாசலில் நுழையக் கூச்சப்பட்டே பலர் போகாமலிருக்கிறார்கள் என்பது அப்போது நமக்கு விளங்கிற்று. ஆகவே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நடித்தே காட்டினோம். ஐ.சி.யைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. வாசலில் சாலுரான் பார்த்து வரிசையில் நில்லுங்கள். வயதானவர்கள் முதல் சாலுரான்களிலும் சிறுவயதினர் கடைசி எண்களிலும் இருப்பார்கள். முதல் குமாஸ்தா ஐ.சி.யைப் பார்த்து உங்கள் பெயரை உரக்கப் படிப்பார். கட்சி ஏஜண்டுகள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வதற்காக அது; பயப்பட வேண்டாம். அடுத்தவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைப்பார்; இந்த மை 2013-ம் வருஷத்திலிருந்து வழக்கத்தில் உள்ளது. மூன்றாமவர் சீட்டுக் கொடுப்பார். மறைவுக்குப் போய், விரும்பும் அபேட்சகரின் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. இரண்டு கட்டத்தில் போட்டால் செல்லாது. கையெழுத்தோ பெயரோ எழுதினாலும் செல்லாது. கை தவறிக் கெட்டுவிட்டால் பெட்டியில் போடாமல் அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வரலாம். சீட்டைப் போனில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம், வோட்டு இரகசியமானது.

எத்தனை சீட்டு என்பதிலும் பிள்ளைகளுக்குக் குழப்பம் உண்டு. நெகிரி செம்பிலானில் பாராளுமன்றத்துக்கு 8 ஸ்தானங்கள், சட்டசபைக்கு 36. இரண்டுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தால் இரண்டு சீட்டு, 2018-ல் அப்படித்தான். 2022-ல் நமது மாநிலச் சட்டசபையைக் கலைக்காததால் பாராளுமன்றச் சீட்டு மட்டும். 2023-ம் வருஷம் ஆகஸ்ட் 12-ந் தேதி மாநிலச் சீட்டு மட்டும்.

"ஒரு வோட்டினால் என்ன ஆகிவிடும்?" என்றான் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. சபாவில் கெனிங்காவ் தொகுதி 2018-ல் 45 வோட்டு வித்தியாசத்தில் முடிந்தது. ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இரண்டு வரிசை எழுந்து போனால் மாறிவிடும் கணக்கு. ஆனால் எல்லாத் தொகுதியும் கெனிங்காவ் ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே நாம் அவனுக்கு அவ்வளவு தூரம் போகாமல் நமது பக்கத்து ரந்தாவைக் காட்டினோம்.

2018-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி வேட்புமனுத் தாக்கல் நாள். ரந்தாவ் சட்டசபைத் தொகுதிக்கு மனுக் கொடுக்க வந்த டாக்டர் ஸ்ரீராம் என்பவர், நுழைவுச் சீட்டு இல்லை என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டார். போட்டியின்றி முகமது ஹசான் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. மே 9-ந் தேதி நாடே இரண்டு சீட்டுக் கேட்டு வரிசையில் நிற்க, ரந்தாவ் வோட்டர்களுக்கு மாநிலச் சீட்டே கிடையாது. வழக்கு நடந்தது. அந்த அறிவிப்புச் செல்லாது என்று தேர்தல் நீதிமன்றம் நவம்பரில் தீர்ப்பளித்தது; 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏப்ரல் 13-ந் தேதி இடைத்தேர்தல். ஜனங்கள் திரண்டு வந்து வோட்டுப் போட்டார்கள். ஜெயித்தவர் யார்? அதே முகமது ஹசான்தான். 4,510 வோட்டு அதிகம்.

"அப்படியானால் எல்லாம் வீண்தானே?" என்றான் பையன். வீணா? முன்பு அவர் ஸ்தானம் ஒரு கதவடைப்பினால் வந்தது. பின்பு ஜனங்கள் சொல்லி வந்தது. ஜெயித்தவருக்கும் அதுவே கௌரவம், தோற்றவருக்கும் அதுவே ஆறுதல். கணக்குப் பார்க்காமல் கொடுத்த காசும், எண்ணிப் பார்த்துக் கொடுத்த காசும் தொகையில் ஒன்றாக இருக்கலாம். கடையில் நாம் இரண்டையும் ஒன்றாகவா எடுத்துக்கொள்கிறோம்? பையன் சிரித்தான். ஒப்புக்கொண்டானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பு முடியும் சமயம் மூத்தவர் ஒருவர் எழுந்து, "இவ்வளவும் சொன்னீர்கள், யாருக்குப் போடுவது என்று சொல்லவில்லையே!" என்றார். சொல்லமாட்டோம். அது அவனவன் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம். சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காகவோ, சோறு போடுகிறோம் என்பதற்காகவோ, "இன்னாருக்குப் போடு" என்று பிள்ளைகளை மிரட்டுவதும், வோட்டுக்காகப் பணமோ விருந்தோ கொடுப்பதும் முன் சொன்ன அதே சட்டத்தில் குற்றங்கள். அபேட்சகர் பெயரைச் சொல்லி நமது சாப்பாட்டுக் கடைகளில் 'பில் அவர் கட்டுவார்' என்று இலவசமாக ஊற்றும் டீயும் விருந்துக் குற்றத்தில் சேரக்கூடும்; சகோதரர்கள் ஜாக்கிரதையாக இருக்கவும். அபேட்சகர்கள் என்ன சொல்கிறார்கள், போன தடவை சொன்னதில் எதைச் செய்தார்கள், சந்தை வாடகைக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யார் பதில் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளோடு வாதம் பண்ணலாம், பண்ணவும் வேண்டும். அவர்கள் நம்மை எதிர்த்துப் பேசினால் பேசட்டும். போனில் வரும் அரை நிமிஷப் படங்களை வேதவாக்காக நம்பாமல், இரண்டு பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். அந்தப் புத்தி நமக்கும் வேண்டியதுதான்.

அடுத்த வகுப்பு வருகிற மாதம் முதல் ஞாயிறு, அஸருக்குப் பிறகு. விலாசம் மாற்ற வேண்டியவர்கள் ஐ.சி.யும், தற்போதைய வீட்டு மின்சார பில் அல்லது வாடகைப் பத்திரமும் கொண்டுவரவும். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்; சென்ற முறை மூவர்தான் வந்தார்கள்.

பஹாவ் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். 2023-ம் வருஷம் ஆகஸ்ட் மாநிலத் தேர்தலுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததுமே அவனை அனுப்பிவிட்டோம். சனிக்கிழமை கடையில் நாமும் வீட்டுக்காரியும்தான். பத்து மணிக்கு அவனிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது; சீட்டைப் படமெடுத்துவிட்டானோ என்று பயந்து திறந்தோம். விரல் மட்டும்தான் இருந்தது.